தண்ணீரின் வானதூதர்

சிலைகள் இரு வகை. தலைவர், புலவர், தளபதி என்று ஒரு மனிதரை நினைவூட்டுவன ஒரு வகை. ஒரு கருத்துக்கு உருவம் கொடுத்து நிறுத்துவன மற்றொரு வகை. முதல் வகையைப் பார்க்கும்போது 'இவர் யார்?' என்று கேட்கிறோம். இரண்டாம் வகையின் முன் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'இது சொல்வது உண்மையா?'

நியூயார்க் மாநகரின் சென்ட்ரல் பார்க் பூங்காவில், ஏரிக்கரையை ஒட்டிய அகன்ற முற்றத்தில் ஒரு நீரூற்று உள்ளது. அதன் உச்சியில் எட்டடி உயரமுள்ள வெண்கல வானதூதர் சிறகு விரித்து நிற்கிறார். ஒரு கையில் லீலி மலர். மறு கை கீழேயுள்ள நீரை ஆசீர்வதிக்க நீண்டிருக்கிறது. அவருக்குக் கீழே தன்னடக்கம், தூய்மை, உடல்நலம், அமைதி ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு குழந்தை உருவங்கள். எம்மா ஸ்டெபின்ஸ் என்ற பெண் சிற்பி உரோமையில் வாழ்ந்த காலத்தில் உருவாக்கிய இச்சிலை, மியூனிக் நகரில் வார்க்கப்பெற்று 1873ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பெற்றது. அம்மாநகரம் ஒரு பெரும் சிற்பப் பணியைப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்தது அதுவே முதல் முறை.

ஊற்றின் பெயர் பெத்சதா. யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் குளத்தின் பெயர் அது. ஒரு வணிக நகரம் நற்செய்தியின் குளத்தைத் தேடிச் சென்றதற்குக் காரணம் உண்டு. 1832ஆம் ஆண்டில் காலரா நோய் அந்நகரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கிணறுகள் கெட்டிருந்தன. பின்னர் குரோட்டன் ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 41 மைல் நீளத்திற்குக் கல்லாலும் செங்கல்லாலும் கால்வாய் அமைத்து, நிலத்தின் சரிவையே துணையாகக் கொண்டு 1842இல் நல்ல நீரை நகருக்குள் கொண்டுவந்தனர். நோய் தீர்க்கும் குளத்தை வானதூதர் கலக்கியது போல, ஆற்று நீர் நகரைக் குணமாக்க வந்தது என்பதே சிலையின் பொருள். அழகான ஒப்புமைதான். மறுப்பதற்கில்லை.

ஆயினும் பெத்சதாவின் கதையை நாம் முழுமையாக நினைவுகூர வேண்டும். அக்குளத்தில் குணம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. நீர் கலங்கியவுடன் முதலில் இறங்குபவருக்கு மட்டுமே கிடைத்தது என்பதே அங்கிருந்தோரின் நம்பிக்கை. அப்படியானால் வென்றவர் யார்? நோயின் கடுமை குறைந்தவர், அல்லது தூக்கிவிட ஆள் வைத்திருந்தவர். எவருக்கு அருள் மிகவும் தேவையோ அவரே எப்போதும் பின்தங்கினார். முப்பத்தெட்டு ஆண்டுகள் உடல்நலமற்றுக் கிடந்தவர் இயேசுவிடம் சொன்னதும் இதைத்தான்: தன்னை இறக்கிவிட ஆளில்லை, தான் போவதற்குள் வேறொருவர் முந்திக்கொள்கிறார்.

ஒன்றை இங்கே இடையில் சொல்லிவிடலாம். வானதூதர் வந்து குளத்தைக் கலக்குவார் என்ற வசனம் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. ஆள் துணையற்ற அந்த மனிதரோ எல்லாப் படிகளிலும் இருக்கிறார். வெண்கலத்தில் வார்க்கப்பட்டவர் வானதூதர்; அந்த மனிதருக்கு நீரூற்றில் இடமில்லை.

குரோட்டன் நீரும் பெத்சதா நீரைப் போலவேதான் நடந்துகொண்டது. வீட்டுக்குள் குழாய் இணைப்புப் பெறப் பணம் வேண்டும். வசதி படைத்தோர் இல்லங்களில் நீர் பாய்ந்தது. ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகள் பலவற்றிற்கு அது சென்று சேரவில்லை. 1849இல் காலரா திரும்பி வந்தபோது ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மடிந்தனர்.

பூங்காவின் கதை இதனினும் கசப்பானது. 1825ஆம் ஆண்டு முதல், இன்று பூங்காவின் மேற்குப் பகுதியாக உள்ள நிலத்தில் கறுப்பின மக்கள் மனை வாங்கிக் குடியேறினர். செனகா வில்லேஜ் என்று பெயர் பெற்ற அவ்வூரில் 1855ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சுமார் 225 பேர் இருந்தனர். ஆலயங்கள் மூன்று, பள்ளி, கல்லறைத் தோட்டம் யாவும் இருந்தன. பஞ்சத்தால் நாட்டைவிட்டு வந்த அயர்லாந்து மக்களும் அவர்களோடு சேர்ந்து வாழ்ந்தனர். அக்காலத்தில் நியூயார்க் மாநிலத்தில் 250 டாலர் மதிப்புள்ள சொத்து உடைய கறுப்பின ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்தது. வெள்ளையருக்கு அக்கட்டுப்பாடு இல்லை. எனவே அந்தச் சிறு மனை வெறும் மண்ணன்று, குடிமகன் என்ற தகுதியே அதில் அடங்கியிருந்தது.

1853இல் பூங்காவுக்காக நிலத்தைக் கையகப்படுத்தச் சட்டம் வந்தது. 1857க்குள் ஊர் காலி செய்யப்பட்டது. நில உரிமையாளருக்கு இழப்பீடு தரப்பட்டது. போதாது என்று முறையிட்டோரும் உண்டு. வாடகைக்கு இருந்தவர் வெறுங்கையோடு போயினர். அதற்கு முன்பே செய்தித்தாள்கள் அவர்களை உரிமையின்றிக் குந்தியிருப்போர் என்று எழுதிவிட்டன. பெயரை முதலில் பறித்துவிட்டால் வீட்டைப் பறிப்பது எளிதாகிவிடுகிறது.

பூங்கா நல்லதா என்று கேட்டால், ஐயமின்றி நல்லதே. நெரிசலில் மூச்சுத் திணறிய நகருக்கு மரமும் நிழலும் கிடைத்தன. இன்றும் கட்டணமின்றி எவரும் உள்ளே செல்லலாம். நாம் கேட்பது வேறு. பொது நன்மை என்று சொல்லும்போது அந்தப் 'பொது'வில் யாரை எண்ணுகிறோம்? பலருடைய நன்மைக்காகச் சிலர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம் என்பதைத் திருச்சபையின் சமூகப் போதனையும் ஏற்கிறது. ஆனால் விட்டுக்கொடுப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. விட்டுக்கொடுப்பவரிடம் முதலில் கேட்கிறோம். பறிகொடுப்பவரிடம் எவரும் கேட்பதில்லை.

பெத்சதாவில் இயேசு முதலில் செய்தது கேட்டதுதான். நலம்பெற விரும்புகிறீரா என்றார். மண்டபங்கள் நிறைய நோயாளிகள் கிடந்தும், நெடுங்காலம் பின்தங்கியவரிடமே சென்றார். அவரைத் தூக்கிக் குளத்தில் இறக்கவில்லை. வரிசையில் முந்தி நிற்கவும் உதவவில்லை. போட்டியையே ஒதுக்கிவிட்டு, படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். குளத்து நீர் அன்று தேவைப்படவே இல்லை.

செனகா வில்லேஜ் இருந்த இடம் வானதூதர் சிலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. 2001இல்தான் அங்கே ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. 2011இல் அகழ்வாராய்ச்சியாளர் அங்கே தோண்டியபோது ஒரு வீட்டின் அடித்தளக் கற்கள் கிடைத்தன. கூடவே ஓர் இரும்புக் கெண்டியும், தோல் அடிப்பாகம் கொண்ட ஒரு சிறு காலணியும்.