கோழிக்கு இடமில்லாத ஊர்

கோழிக்கறியோ முட்டையோ இல்லாமல் நம் நகரங்களில் ஒரு வாரம் கழிவது அரிது. ஆனால் உயிருள்ள கோழி ஒன்று பக்கத்து வீட்டுக் கொல்லையில் மேய்ந்தால், எச்சம் நாறுகிறது, விடியுமுன் சேவல் கூவுகிறது என்று முறையிடுகிறோம். இத்தனை கோழிகளைத் தின்னும் ஊரில் ஒரு கோழி வாழ இடமில்லாமல் போனதை, நகரம் என்றால் அப்படித்தான் என்று நாம் எளிதாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்னை உறுத்துகிறது.

நாமக்கல் கோழிப்பண்ணைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. சத்துணவு மையத்தில் ஏழைக் குழந்தையின் தட்டுக்கு முட்டை வருவது அவற்றால்தான்; கொல்லைக் கோழிகளால் அது ஆகாது. என்றாலும் அங்கே கோழி படும் பாட்டை நாம் தெரிந்துகொள்ளவாவது வேண்டும். ஆண்டுக்கு 300 முட்டை இடுவதற்கென்றே உருவாக்கிய இனங்களில் அடைகாக்கும் குணமே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. கம்பிக் கூண்டில் இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. அந்த இனத்துச் சேவல் குஞ்சுகள் முட்டைக்கும் கறிக்கும் உதவாதவை என்று பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. அசைய இடம் போதாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது குற்றம் என்று 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. கூண்டுகள் இன்றும் இருக்கின்றன.

வீட்டில் வளரும் சிறுவிடை நாட்டுக்கோழி ஆண்டுக்கு நூறு முட்டை இட்டாலே பெரிது. ஆனால் அது மண்ணைக் கிளறும், புழுதியில் குளிக்கும், பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் அடை உட்கார்ந்து 21 நாள் இரை தேடக்கூட அதிகம் எழாது, பொரித்த குஞ்சுகளை இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். இதையெல்லாம் கண்ட குழந்தை, தட்டிலிருப்பது ஓர் உயிரிடமிருந்து வந்தது என்பதை யாரும் சொல்லாமலே அறியும். வளர்ப்பவருக்கும் கடமைகள் உண்டு. இருட்டுமுன் பஞ்சாரத்தில் அடைக்க வேண்டும், எச்சத்தை அள்ள வேண்டும், கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். அயலார் தூக்கம் கெடுமென்றால் சேவலை விட்டுவிடலாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. இவ்வளவையும் ஒழுங்காகச் செய்பவருக்கு அனுமதி தருவதில் மாநகராட்சிக்கு என்ன தடை?

கோழி வளர்க்க இடமில்லாமல் போன இந்த இழப்பு எல்லாருக்கும் ஒரே அளவானதும் அல்ல. தோட்டம் வைத்த வீட்டுக்காரர் விரும்பினால் நாளையே நான்கு கோழி வாங்கலாம். சென்னையில் நதிக்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு மாடி வீடு கிடைத்தது. கோழி மேய ஒரு வாசல் கிடைக்கவில்லை. கோழி வைத்திருந்த பெண்களுக்கு, முட்டை விற்ற காசு கணவன் கைக்குப் போகாத சிறுவாட்டுப் பணம். குடியிருப்புகளைத் திட்டமிட்டவர்கள் அதை வருமானம் என்று எண்ணியதாகத் தெரியவில்லை. இனி கட்டப்போகும் இடங்களிலாவது, தரைத்தளத்தில் கோழிக்கூடுகளுக்கென்று ஒரு பொது மூலையை ஒதுக்கலாம்.