வேலை போனால் உறவும் போக வேண்டுமா?



கையில் காசு இருக்கும் வரைதான் சுற்றம் என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவில் வேலை இழந்தவர்களைக் கவனித்தால், பல சமயம் இது தலைகீழாக நடப்பது தெரியும். மற்றவர்கள் விலகுவதற்கு முன்பே அவராகவே விலகிக் கொள்கிறார். கோயிலுக்கு வருவது குறைகிறது. வந்தாலும் பிரசாதத்துக்கு நிற்காமல் கிளம்பி விடுகிறார். பழைய ஆபீஸ் நண்பர்களின் போனை எடுப்பதில்லை. "காரியத்துக்காகப் பேசுகிறான் என்று நினைப்பார்களே" என்ற கூச்சம்தான் காரணம். இந்தக் கூச்சம் நியாயமானதா என்று சற்று யோசிப்போம்.

முதலில், வேலை போவது ஒருவருடைய தகுதிக்குக் கிடைத்த மதிப்பெண் ஆகாது. 1996 ஜனவரியில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 40,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது நியூ ஜெர்ஸியே கலங்கியது. அதே ஆண்டில் அதிலிருந்து பிரிந்த லூசன்ட் நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்த ஊழியர்கள், 2003-க்குள் சுமார் 35,000 ஆகக் குறைந்தார்கள். ஹூஸ்டனில் 2001 டிசம்பரில் என்ரான் திவால் மனு கொடுத்த மறுநாளே ஏறத்தாழ 4,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பே ஏரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும், கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. இத்தனை பேரும் வேலை தெரியாதவர்களா?

கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. எச்-1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால், 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியின்படி அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. யாரிடமும் சொல்லாமல் ஒரு மாதம் வீட்டில் இருந்து விட்டால் பாதி அவகாசம் போய் விடுகிறது. வீட்டுக் கடனும் குழந்தைகளின் பள்ளிப் படிப்பும் அந்த அறுபது நாளில்தான் தொங்கிக் கொண்டிருக்கின்றன.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களை விசாரித்து 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் சுமார் 17 சதவீதமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 56 சதவீதம். அரிதாகச் சந்தித்தவர்கள் 28 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தூரத்தில் இருப்பவர்தான் நாம் அறியாத இடத்துச் செய்தியைக் கொண்டு வருகிறார்.

இங்கேதான் தர்ம சங்கடம் வருகிறது. மூன்று வருஷமாகப் பேசாதவரிடம் தேவை வந்தபோது போய் நிற்பது சுயநலம் ஆகாதா?

திருவள்ளுவர் நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்களையும் பொருட்பாலில்தான் வைத்தார். உலக வாழ்க்கையின் காரியங்களுக்கு நட்பு துணை நிற்பதில் இழுக்கு இல்லை என்று அதிலிருந்து நான் எடுத்துக் கொள்கிறேன். பழகியவர்களின் உரிமையைச் சொல்லவே "பழைமை" என்று தனி அதிகாரமும் உண்டு. காரியத்துக்கு உதவுவதால் நட்பு கெடாது. ஆனால் கேட்கும் முறையில் சில தர்மங்கள் உண்டு.

"எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடு" என்றால் எதிரில் இருப்பவர் நெளிவார். அது அவர் கையில் இல்லை. "உங்கள் பக்கம் நிலைமை எப்படி, யாரிடம் பேசலாம்?" என்று கேட்டால் மனம் விட்டுச் சொல்வார். நம் வேலையை நேரில் பார்க்காதவரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு, அவரைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது. பழைய மேனேஜரைத் தூற்றிக் கொண்டே அவருடைய நண்பர்களிடம் உதவி கேட்கவும் கூடாது. வேலை கிடைத்ததும், உதவியவருக்கு முதலில் சொல்ல வேண்டும். அவர் சொன்ன இடத்தில் கிடைக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பட்ட உதவியை அவருக்கே திருப்பித் தர வாய்ப்பு வராமல் போகலாம். அடுத்து வேலை இழந்து நிற்பவருக்குச் செய்தால் கணக்கு நேராகி விடும்.

வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கடமை உண்டு. நண்பருக்கு வேலை போன செய்தி தெரிந்தும், "என்ன பேசுவதென்று தெரியவில்லை" என்று பேசாமல் இருந்து விடுகிறோம். அவருக்கு அந்த மௌனம், தன்னை ஒதுக்கி விட்டார்கள் என்றே படும். முதல் போன் நம்மிடமிருந்துதான் போக வேண்டும். அதற்காக, சன்னதி வாசலில் நாலு பேர் நடுவே "வேலை கிடைத்ததா?" என்று வாராவாரம் கேட்பதும் உபகாரம் ஆகாது.

சில மாதங்களாகக் கோயில் பக்கம் காணாத ஒருவர் இதைப் படிக்கும்போது உங்கள் நினைவுக்கு வந்தால், இன்றே அவரைக் கூப்பிடுங்கள். குடும்பத்தோடு சாப்பிட அழையுங்கள். வேலையைப் பற்றி அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.