செப்டம்பர் கடைசி வாரம்

ஆல்ப்ஸ் மலையின் மிக நீளமான பனியாறு சுவிட்சர்லாந்தின் அலெட்ச். அதைப் பார்க்க எந்த மாதம் போகலாம் என்று கேட்டால் ஜூலை, ஆகஸ்ட் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பாதை திறந்திருக்கும், பகல் நீளும், குளிரும் தாங்கும். நான் சொல்வது செப்டம்பர் கடைசி வாரம்.

ஏப்ரலில் எங்கும் வெள்ளை. பனிச்சறுக்குக்காரர்களுக்கு அது பொற்காலம். ஆனால் அந்த வெள்ளை பிளவுகளை மூடியிருக்கிறது; காலடியில் பாதாளம் இருப்பதே தெரியாது. ஜூனில் அந்த மூடல் இளகத் தொடங்கும். வழிகாட்டிகள் விடியுமுன்பே கயிறு கட்டி ஆட்களைக் கிளப்புவது அதனால்தான். இரவில் இறுகிய பனி, வெயில் ஏறினால் ஆளைத் தாங்காது.

செப்டம்பருக்குள் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் அந்தப் புதுப்பனி முழுதும் கரைந்து, அடியிலிருக்கும் பழைய பனிக்கட்டி வெளியே வந்துவிடும். அழகு என்று சொல்ல முடியாது. சாம்பல் நிறம், சரளை, அழுக்கு. குனிந்து பார்த்தால் விரல் நுழையும் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிட்டிகை கறுப்புத் தூசி, அதன்மேல் தெளிந்த தண்ணீர். வெயிலை உறிஞ்சிய தூசி, தனக்குக் கீழே பனிக்கட்டியை உருக்கி உருக்கி இறங்கிய குழி அது. பிளவுகள் நீலமாகத் திறந்து கிடக்கும். எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்பதைப் பனியாறே காட்டிவிடும்.

பனியாற்றின் ஆண்டுக் கணக்கு முடிவதும் அப்போதுதான். குளிர்காலப் பனி வரவு, கோடைக் கரைவு செலவு. 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் பத்தில் ஒரு பங்கை இழந்தன. 1877-ல் அலெட்ச் ஓரத்துப் பாறையில் கான்கோர்டியா குடிலைக் கட்டியபோது பனி சுமார் 50 மீட்டர் கீழே இருந்தது. இன்று பனியிலிருந்து குடிலை எட்ட, பாறையில் பொருத்திய படிகள் 400-க்கும் மேல். பனியாறு வளர்ந்து ஊரை அழித்துவிடக் கூடாதென்று 17ஆம் நூற்றாண்டில் நேர்ந்துகொண்ட, அலெட்சுக்கு அருகிலுள்ள ஃபீஷ் ஊர் மக்கள், 2010-ல் போப்பாண்டவரின் அனுமதி பெற்று, அது தேயாமல் இருக்க வேண்டத் தொடங்கினார்கள்.

இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம் என்று நாம் பயணத்தைத் தள்ளிப்போடுவது, பருவங்கள் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான். பருவம் திரும்பும். பல தலைமுறைக்கு முன் மேலே விழுந்து, இறுகி, நகர்ந்து வந்த அந்தப் பனிக்கட்டி திரும்பாது. ஆகவே முதலில் செப்டம்பர். ஏப்ரலின் வெள்ளையை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அது அடுத்த குளிர்காலத்தில் மறுபடி விழும்.