நிழல் விழுகிறது!

தஞ்சைப் பெரிய கோயிலைக் காணச் செல்வோர் செவியில் முதலில் விழுவது ஒரு கதை. "பெருவிமானத்தின் நிழல் தரையில் விழாது!" என்பர். பாட்டன் தகப்பனுக்குச் சொன்னது. தகப்பன் மகனுக்குச் சொன்னது. காலை இளவெயிலில் மேற்குத் திருச்சுற்றுக்குச் சென்று நின்றால் போதும். கதை கரையும், நிழல் தெரியும். வெயிலில் நிற்கும் எப்பொருளுக்கும் நிழல் உண்டு!

கதையை நம்பியவரைக் கண்டு நகைப்பது எளிது. நகைத்துவிட்டு நகர்ந்தால் நன்மை ஏதும் இல்லை. நிழலே இல்லாத பெருமையை மாந்தர் மனம் ஏன் நாடுகிறது? கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

பெருமை பொய்யன்று. இருநூறு அடி கடந்து நிமிர்ந்து நிற்கிறது கருங்கல். 1010-ஆம் ஆண்டில், தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டில், முதலாம் இராசராசன் அதன் உச்சிக்குச் செப்புக்குடம் அளித்தான். பாறை பிளந்த கை, பாரம் இழுத்த தோள், உளி பிடித்த விரல் — இவற்றின் திறத்துக்குக் கல்லே சான்று. பக்தி இல்லாதவனும் அங்கே வியந்து நிற்கலாம். அது உழைப்புக்குச் செலுத்தும் மரியாதை.

அதே கல், வேறொன்றும் பேசுகிறது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு, இவள் பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெயரையும் பொறித்தான், பிழைப்புக்கும் வழி செய்தான் மன்னன், மறுக்கவில்லை நாம். ஆனால் வருவதற்கு அவர்கள் விரும்பினார்களா? அதற்கு அந்தச் சுவரில் ஒரு வரியும் இல்லை!

கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் கணக்கும் அங்கேயே உண்டு. வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் குளம் வருகிறது, சுடுகாடு வருகிறது. பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. விளைச்சலை அளந்தது போலவே விலக்கையும் அளந்து எழுதிவைத்தது அவ்வரசு. நிழல் விழவில்லையாம்! விழுந்திருக்கிறது, கல்லிலேயே விழுந்திருக்கிறது.

"அக்கால வழக்கத்தை இக்கால அளவுகோலால் அளப்பது அறமாகுமா?" என்று கேட்பர் சிலர். நேர்மையான கேள்வி. இராசராசனைக் கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. நம் தீர்ப்பு அவனைத் தீண்டாது. ஆனால் அவன் புகழை இன்று தோளில் சுமப்போர், அவன் கணக்கையும் சேர்த்தே சுமக்க வேண்டும். பாட்டன் சொத்துக்கு உரிமை கொண்டாடுபவன், பாட்டன் பட்ட கடனை மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் கணக்கில் எழுதலாமோ?

கடன் இன்னும் தீரவில்லை. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சி கோயிலில் ஒதுக்கப்பட்டோர் நுழைந்தனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. கல்லில் தீண்டாச்சேரி எழுதியதற்கும் இதற்கும் இடையே ஒன்பது நூற்றாண்டு! அதன் பிறகாவது முடிந்ததா? 2023 சனவரியில், திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், மாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் காவலர் துணையோடு நுழைய வேண்டியிருந்தது. சட்டம் திறந்த கதவை மனம் தாழிட்டு வைத்திருந்தது!

ஆகவே, தொழுவதா இடிப்பதா என்று இரண்டே வழி காட்டுவோர்க்கு மூன்றாவது வழி ஒன்றைச் சொல்வோம்: படிப்பது! தொழுபவன் கண்ணை மூடுகிறான். இடிப்பவன் சான்றை அழிக்கிறான். படிப்பவனே கலையையும் காண்கிறான், கறையையும் காண்கிறான். கலையைக் கண்டு நெஞ்சு நிமிரட்டும். கறையைக் கண்டு கை துடைக்க எழட்டும்.

பெரிய கோயிலுக்குச் செல்க! பிள்ளைகளையும் அழைத்துச் செல்க! அண்ணாந்து உச்சியைக் காட்டுக. சுவரில் உள்ள எழுத்தைக் காட்டுக. பிறகு தரையைக் காட்டுக. நிழல் விழுகிறது என்று சொல்லத் துணிந்த பிள்ளை, நாளை தன் ஊரில் ஒரு கதவு மூடியிருந்தால், ஏன் என்று கேட்கவும் துணியும்!