முதியோர் பணிவிடையும் முகமலர்ச்சியும்

முதுமையினாலே நினைவு தளர்ந்த தாயைப் பல்லாண்டாகப் பராமரித்து வரும் ஓர் அம்மையார் வெள்ளிக்கிழமை ஒன்றிலே கோயில் வீதியில் எம்மைக் கண்டு வினவினார்: "வாத்தியார், அம்மா ஒரே கேள்வியை இருபது தரம் கேட்கின்றார். எனக்கு உள்ளே கோபம் கொதிக்கின்றது. முகத்திலே சிரிப்பைக் காட்டி மறுமொழி சொல்லுகின்றேன். இது பொய்யன்றோ? பொய்யாய்ச் செய்யும் தொண்டுக்குப் புண்ணியம் உண்டோ?" யாம் விடை கூற அறியாது நின்றோம்.

அன்பு உள்ளத்திலே தானே ஊறுவதென்றும், ஊறாதவிடத்துச் செய்வதெல்லாம் வேடமென்றும் கருதுவோர் பலர். அங்ஙனமாயின், மனம் ஒருமைப்படாத நாளிலும் பூக்கொய்து மாலை தொடுத்துத் திருவலகிடும் சரியைத் தொண்டரும் பொய்யராதல் வேண்டும். சைவசித்தாந்தம் அவ்வாறு கூறவில்லை. சரியை உடம்பினாலே செய்யப்படுவது. உள்ளம் அதன்பின்னே மெல்ல மெல்லப் பழுக்கும். கோபம் எழுதல் இயல்பு. எழுந்த கோபத்தை நோயாளர்மேல் விடாது தன்னுள்ளே தாங்குதல் தொண்டு. பிறரை வஞ்சித்துப் பொருள் கவரும் பொய் வேறு. இடமும் காலமும் அறியாது நடுங்கும் முதியவளுக்கு அச்சந் தீர்க்கும் முகம் வேறு.

ஆயினும் இவ்விடையோடு அமைந்துவிடுதல் எமக்கு எளிது, அவருக்கு எளிதன்று. யாழ்ப்பாணத்திலே வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றமையால், பெற்றோரும் மகளோடு தங்குதல் வழக்கம். 1983ஆம் ஆண்டின் பின்னர் ஆண்மக்கள் பலர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயினர். மகன் ஞாயிறுதோறும் தொலைபேசியிலே பேசுகின்றான். தாய் அவனைத் தங்கம் என்கின்றாள். ஊட்டி, உடைமாற்றி, இரவிலே மும்முறை எழும் மகளோ வசை கேட்கின்றாள். மகன் பணம் அனுப்புதல் சிறிதென்று கூறோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பேணுங் கடனை மக்கள் யாவர்க்கும் விதிக்கின்றது. மகளுக்கு மாத்திரம் விதிக்கவில்லை. விழுங்கிய கோபத்தைக் கணக்கிட எந்தச் சட்டத்தாலும் இயலாது.

இளையான்குடிமாற நாயனார் மழையிரவிலே விதைநெல்லை வாரிவந்த சரித்திரத்தை மாணாக்கர்க்குப் பலமுறை சொல்லியிருக்கின்றோம். அந்நெல்லை வறுத்துக் குற்றி அன்னமாக்கியவர் மனைவியார். அறுபத்துமூவருள் எண்ணப்படுபவர் நாயனாரே. சிவபெருமானோ இருவரையும் அழைத்தருளினார். யாம் கற்ற மிஷன் பாடசாலையிலே, மாமியைக் கைவிடாத ரூத் என்னும் மருமகளின் பெயராலே விவிலியத்தில் ஒரு நூலே இருத்தலைக் கண்டு வியந்தோம். புறச்சமயத்தாரிடத்தும் நல்லது கண்டாற் கொள்ளுதல் இழுக்கன்று.

எம் தாயார் படுக்கையிற் கிடந்த காலத்தில் யாம் மாலைதோறும் அருகிருந்து தேவாரம் ஓதினோம். ஊரார் எம்மைப் புகழ்ந்தனர். ஓதி முடியுமட்டும் எம் சகோதரியார் கிணற்றடியிலே தாயாரின் சீலைகளைத் துவைத்துக்கொண்டிருப்பார். அவருடைய மனம் எப்படி இருக்கின்றதென்று ஒரு நாளேனும் யாம் வினவியதில்லை.

அடுத்த வெள்ளியன்று அவ்வம்மையாரைக் கண்டு, அது பொய்யன்று என்றோம். அவர் சிறிது மௌனமாயிருந்து, "அது சரி, வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையிலாவது தம்பியை வந்து அம்மாவோடு இருக்கச் சொல்லுவீர்களோ? எனக்கு ஒருமுறை தனியே இருந்து அழவேண்டும்" என்றார். அத்தம்பியார் இரண்டு ஒழுங்கை அப்பால் வசிப்பவர். எம்மிடம் சைவசமயபாடம் படித்தவர். அன்று மாலையே அவர் வீட்டுப் படலையைத் திறந்தோம்.