பச்சை உடம்பின் சூடு

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் பிறந்த குழந்தைக்கு உடம்பு சுட்டால், "கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஆயா உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவாள். ஒருவர் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கப் போவார். இன்னொருவர் மகிமை மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொள்வார். அம்மனுக்கு மஞ்சள் துணியில் ஒரு காசு முடியப்படும். இந்த மூன்று வேண்டுதலும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பினாலும் ஏரிக்கரையில் யாருக்கும் அது வியப்பில்லை. பயம் வந்த நேரத்தில் தன்னைவிடப் பெரிய ஒன்றின்முன் கைகூப்பத் தெரிந்தவர்கள் அவர்கள். அந்தக் கைகளை நான் வணங்குகிறேன்.

நம் முன்னோர் காய்ச்சலை ஒருநாளும் சிறிதாக எண்ணியதில்லை. பவானி சங்கமேசுவரர் கோயிலில் மூன்று காலோடு நிற்கும் சுரதேவருக்கு இன்றும் மிளகு ரசம் படைக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் சிவனே காய்ச்சல் தீர்க்கும் சுரகரேசுவரராக இருக்கிறார். கொங்கு நாட்டில் அடியார்களை வாட்டிய குளிர்காய்ச்சல் தீரத்தான் திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். பெரியாழ்வார் ஒரு பதிகம் முழுக்க அந்தி நேரத்தில் நிற்கும் கண்ணனை வீட்டுக்குள் அழைக்கிறார், காப்பிட வா என்று. ஆபத்து வந்தபின் அலறும் குரல் அல்ல அது. பொழுது சாய்வதைக் கவனித்து, முன்கூட்டியே கூப்பிடுகிற தாயின் குரல். பிள்ளைத்தமிழ் நூல்களும் காப்புப் பருவத்தில்தானே தொடங்குகின்றன! விழிப்போடு இருப்பதே குழந்தைக்குச் செய்யும் முதல் வழிபாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த விழிப்பு எதைப் பார்க்க வேண்டும்? பிறந்து 28 நாள் வரையான பச்சைக்குழந்தைக்கு நோயோடு போராடும் வலு இன்னும் முழுதாக வந்திருக்காது. பெரியவர்களுக்குச் சளியோடு போய்விடும் கிருமி, இந்த உடம்பில் சில மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்து மூளை உறை வரை போய்விடலாம். அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களும் மிகக் குறைவு. பால் குடிப்பதை நிறுத்தும். எழுப்பினாலும் துவண்டு கிடக்கும். நிமிடத்துக்கு 60 முறை, அதற்கும் மேலே மூச்சு வாங்கும். நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கும். வலிப்பு வரலாம். அக்குளில் வைத்த வெப்பமானி 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆபத்து. 35.5-க்குக் கீழே இறங்கினாலும் அதே ஆபத்துதான். சூடு தணிந்துவிட்டது என்று வீடே நிம்மதி அடையும்போது, குழந்தை குளிர்ந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் இந்த வயதில் வீட்டிலிருக்கும் காய்ச்சல் மருந்தை ஊற்றிப் பார்ப்பதோ, உரைமருந்து கொடுத்து விடியட்டும் என்று இருப்பதோ கூடாது. வேண்டுதல் வாயில் இருக்கட்டும், கால் வாசலைத் தாண்டட்டும்.

ஏரிக்கரையில் வாசலைத் தாண்டுவதும் எளிதல்ல. கலங்கரை விளக்கக் குப்பத்துக்கு இப்போது பாலம் இருக்கிறது. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் இருக்கம் தீவின் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னும் தண்ணீர்தான் வழி. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர், சென்னை ஏறத்தாழ 60. 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் வரும்வரை, வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை, தாய்க்கு இருக்கும் வேலை இரண்டே இரண்டு. குழந்தை குளிர்ந்துவிடாமல் மார்போடு அணைத்துக்கொள்வது, வாய் வைத்தால் பால் கொடுப்பது. கடலுக்குப் போனவர்களை எண்ணிக் கரையில் நின்று பழகிய பெண்களுக்குக் காத்திருக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் கையில் குழந்தையோடு வண்டிக்குள் காத்திருப்பது வேறு. ஒவ்வொரு மூச்சும் காதில் விழுகிறது.

பிறகு அந்தக் கதவு வருகிறது. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. செவிலியர் கை நீட்டுகிறார். பத்து மாதம் உடலுக்குள்ளும், சில நாள் மார்பிலும் இருந்ததைத் தாய் முன்பின் தெரியாத ஒரு கையில் கொடுக்க வேண்டும். சரணாகதியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அதை முழுதாக அறிந்தவள் அந்த வாசலில் நிற்பவள் என்றே நினைக்கிறேன். உள்ளே இரத்தம் எடுப்பார்கள். தேவைப்பட்டால் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பார்கள். அத்தனை சின்ன உடம்பில் ஊசியா என்று மனம் கதறும். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்காகக் காத்திராமல் நோய்க்கிருமிக் கொல்லி மருந்தை உடனே ஏற்றத் தொடங்குவார்கள்.

அந்த ஒன்றிரண்டு நாளைத் தாய் எப்படிக் கடக்கிறாள்? இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் பால் எடுக்கிறாள். செவிலியர் அதைப் பாலாடையில் புகட்டலாம், குழாய் வழியே செலுத்தலாம். சில வேளை, குழந்தைக்கு இன்னும் கொடுக்க முடியாது, எடுத்து வையுங்கள் என்றும் சொல்லலாம். அப்போதும் எடுக்கிறாள். ஏற்கப்படுமா என்று தெரியாமலே நேரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தக் கிண்ணத்தை நைவேத்தியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? குழந்தையைத் தொடுவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். தொழுகைக்கு முன் ஒளூ செய்பவர்களும், குளத்தில் கால் நனைத்துவிட்டுச் சன்னதிக்குப் போகிறவர்களும் வாழும் ஊர்க்காரிக்கு இது புரியும். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கை கழுவ வைத்தே பிள்ளைபெற்ற தாய்மாரின் காய்ச்சல் சாவுகளைக் குறைத்துக் காட்டினார். அன்று பலர் அவரை ஏற்கவில்லை. இன்று கழுவாத கையோடு எவரும் பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குள் நுழையக் கூடாது.

எளிய கைகளால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியைச் சொல்வேன். அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் 1990-களில் அங்கே 39 கிராமங்களில் அதிகம் படிக்காத பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தார்கள். பிறந்த குழந்தையின் மூச்சை எண்ணவும், சூட்டை அளக்கவும், மருத்துவமனைக்குப் போக முடியாதபோது ஊசி போடவும் அந்தப் பெண்கள் கற்றார்கள். பச்சைக்குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. 1999-இல் 'லான்செட்' இதழில் அந்த முடிவு வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர் பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீடு தேடி வந்து குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்துக்கு வித்து அதுவே. தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. 2020-இல் அது 13. இதை அருள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அது பல கைகளின் வழியே வந்திருக்கிறது.

குறித்த நாள் முழுதும் மருந்து கொடுத்து முடித்து, குழந்தை மறுபடி மார்பைப் பற்றிக் குடிக்கத் தொடங்கியபின் வீட்டுக்கு அனுப்புவார்கள். எல்லாக் குழந்தையும் திரும்புவதில்லை. திரும்பாத வீட்டில், நீ கவனிக்கவில்லை என்று தாயிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. திரும்பிய வீட்டார் நேர்த்திக்கடனை மறக்க மாட்டார்கள். மெழுகுவர்த்தி எரியும், மஞ்சள் துணி அவிழும், முடி இறக்கச் சிறுவாபுரி முருகனுக்கு நாள் பார்ப்பார்கள். அந்த வீட்டு ஆயாவிடம் இன்னொரு நேர்த்திக்கடனையும் கேட்பேன். அடுத்த தெருவில் பேறுகாலம் நெருங்கியிருக்கும் பெண்ணிடம் போய் உட்கார்ந்து, பால் குடிக்காமை, துவளல், மூச்சு வாங்கல், நெஞ்சு உள்ளிழுத்தல், வலிப்பு, சூடு, குளிர் என்று ஏழையும் சொல்லிவிட்டு வர வேண்டும். 108-ஐ எப்போது கூப்பிட வேண்டும் என்பதையும், அவள் மாமியார் காதிலும் விழும்படி.