அநுமன் கலங்கிய இரவு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



இராமநவமியன்று தொடங்கும் இவ்வுற்சவத்திற்கு அரியலூர், பெரம்பலூர் சீமைகளிலிருந்து குடும்பத்தோடு வந்து, கல்லங்குறிச்சியில் 12 அடிக் கம்பமாய் நிற்கும் கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்கின்றீர்கள். கம்பத்தோடு ஆஞ்சநேயரையும் சேவிக்கின்றீர்கள். பலத்துக்கும் தைரியத்துக்கும் உறைவிடம் என்று நாம் போற்றும் அந்தத் திருவடியே ஓர் இரவு மனமுடைந்து போனார் என்பதை எத்தனை பேர் சிந்தித்திருப்பீர்கள்?

ஸ்ரீமத் வால்மீகி ராமாயணத்து ஸுந்தரகாண்டத்தில் இது உள்ளது. இலங்கை முழுதும் தேடியும் பிராட்டியைக் காணவில்லை. அநுமனுடைய மனம் தானே ஒரு சங்கிலியைப் பின்னத் தொடங்குகிறது. நான் வெறுங்கையோடு திரும்பினால் இராமபிரான் தரிக்கமாட்டார். அவரின்றி இளையபெருமாள் தரியார். பிறகு பரதன், சத்ருக்னன், தாய்மார், சுக்ரீவன், வானரக் குலமெல்லாம் அழியும். எல்லாவற்றுக்கும் நானே காரணம். இவ்வாறு எண்ணி எண்ணித் தம் உயிரையே வெறுக்கும் எல்லைக்கு வந்துவிட்டார். நடந்தது என்னவோ ஒன்றுதான். தேடியவர் அதுவரை கிடைக்கவில்லை. மற்றவை யாவும் மனம் கட்டிய கோட்டை. பிறகு, உயிரோடிருப்பவனுக்கே நன்மையைக் காணும் வழியுண்டு என்று தெளிந்து, பெருமாளையும் பிராட்டியையும் தேவர்களையும் வணங்கி எழுந்தபோது, இன்னும் தேடாத அசோகவனம் அவர் கண்ணெதிரே இருந்தது.

அவர் வாயுபுத்திரர், தனியாகவே மீண்டார். நமக்கு அது கூடுமா? பிராட்டியே அதே நிலையில் இருந்தபோது, அநுமன் அவளுக்கு நேரே புத்திமதி சொல்ல முற்படவில்லை. மரத்தின் மறைவிலிருந்து இராமகதையை மெல்ல இனிமையாகச் சொன்னார். கலங்கியவர் அருகில் எப்படிப் போவது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் அடியேன் படித்த சாஸ்திரத்தில் இல்லை.

இனி, இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லுகிறேன். அடியேனின் தம்பி என்னோடு பாடசாலையில் அத்யயனம் செய்தவன். என்னைவிட நல்ல குரல். இருபத்து மூன்றாம் பிராயத்தில் உறக்கம் போயிற்று, ஸந்த்யாவந்தனம் நின்றது, சுவரோடு பேசலானான். ஊராரிடம், 'மேற்படிப்புக்கு ஸ்ரீரங்கம் போயிருக்கிறான்' என்றோம். தங்கையின் கலியாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். இரண்டு வருஷம் பின்கட்டு அறையில் இருந்தான். அந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டவன் அடியேன். போட்டுவிட்டுத்தான் நீராடித் திருவாராதனத்துக்குப் போவேன்.

எங்கள் தகப்பனாரின் சிநேகிதர், பெரம்பலூரில் ஆசிரியராயிருந்தவர், ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, 'என் மகளுக்கும் இப்படித்தான் இருந்தது, சாமி' என்றார். அவ்வளவே. அந்தச் சொல்லால் எங்கள் வீட்டுக் கதவு திறந்தது.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் வடகரையில் உள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி ஸந்நிதிக்கு அவனை அழைத்துச் சென்று ஒரு மண்டலம், 48 நாள், தங்கினோம். உச்சிக்காலத்திலும் இரவுப் பூஜையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். எங்களைப் போலவே எத்தனை குடும்பங்கள்! தாய்மார் ஒருவரிடம் ஒருவர் வெட்கமின்றிப் பேசிக்கொண்டதை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். இன்று அக்கோயிலைச் சார்ந்து அரசு அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் நடக்கிறது. மண்டலம் முடிந்தபின் அரசு மருத்துவரிடமும் காட்டினோம். தீர்த்தமும் மாத்திரையும் ஒரே தொண்டையில்தான் இறங்கின.

வைத்தியரை நாடுவது மஹாவிசுவாசத்துக்குக் குறைவல்லவா என்று கேட்பவர் உண்டு. இளையபெருமாள் களத்தில் சாய்ந்தபோது ஸாக்ஷாத் இராமபிரானே அருகிலிருந்தார். ஆயினும் மூலிகையைச் சொல்லச் சுஷேணர் வேண்டியிருந்தது, கொண்டுவர அநுமன் வேண்டியிருந்தது. சரணாகதியின் அங்கங்களுள் கார்ப்பண்யம் ஒன்று. 'என்னால் ஆகவில்லை' என்று தன் இயலாமையை அறிவிப்பது. அர்ஜுனன் அதைக் கண்ணனிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகே கீதை பிறந்தது. அவன் தேர்த்தட்டில் மௌனமாயிருந்திருந்தால்?

மறைத்ததன் விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் மாண்டனர். அச்செய்தி படித்த அன்று தாழ்ப்பாள் போட்ட என் கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்விதம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. அதே 2017 செப்டம்பர் 1 அன்று நம் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர்க் குழந்தை அனிதாவை இழந்தோம். அதைப்பற்றிய வாதங்கள் இம்மலருக்குரியவை அல்ல. ஆனால் அதன்பின் தேர்வு எழுதிய பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் ஸந்நிதியில் கண்ணீர் விடுவது அதிகமாயிற்று. அவர்களிடம், அர்ச்சனைச் சீட்டோடு நிறுத்தாமல், இரவில் பிள்ளையின் அருகே அமர்ந்து 'மனத்தில் என்ன இருக்கிறது?' என்று கேளுங்கள், சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள் என்று வேண்டுகிறேன். சாக வேண்டும் என்று வாய்தவறி ஒரு சொல் வந்தாலும் அதை விளையாட்டென்று தள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள்.

இத்தலத்தின் வரலாறே காணாமற்போன ஒரு பசுவைத் தேடியலைந்த குடியானவரின் வரலாறு. மாடு ஒருவேளை தீனி எடுக்காவிட்டால் தெருவையே கூட்டுகிறோம். மகன் ஒரு மாதம் சோறு கொள்ளாமல் கிடந்தால் கதவைச் சாத்துகிறோம்!

14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். 104ம் உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

தம்பி இப்போது பெருமாளுக்குத் துளசிமாலை கட்டுகிறான். இரவில் மாத்திரை உண்கிறான். சில மாதங்கள் நன்றாயிருக்கும், சில மாதங்கள் இராது. இதை எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். 'எழுதண்ணா, தாழ்ப்பாளையும் எழுது' என்றான். உற்சவத்தின் பத்து நாளும் மாலையில் நாங்கள் இருவரும் மண்டபத்தில் மாலை கட்டும் இடத்தில் இருப்போம். பேச வேண்டியவர்கள் வரலாம். நார் கிழிக்கவும் ஆள் வேண்டும்.

அடியேன் ராமாநுஜதாஸன்